எதிர்ப்பட்டவர்களெல்லாம் தாய்

மகனே,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று பல்டண் ஊரில் பார்த்தேனே, தொந்தி சொல்கிறது. பண்டரிபுரம் நடந்து போகும் கூட்டத்தில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு, எதிர்ப்பட்டவர் கால்களையெல்லாம் தொட்டு ‘மாவுலி, மாவுலி’ என்று உருகினாய். நொடிக்கொரு மாவுலி, நொடிக்கொரு தாய். இந்த நடையில் எல்லோரும் எல்லோருக்கும் தாய்தானே, செலவில்லாத உறவு.

என்னோடு நடக்கும் ஹௌசாபாய் அசந்துபோனாள். "ஊரார் காலையே இப்படித் தொடுறவன், பெத்தவளை எப்படித் தாங்குவான்! குடுத்து வெச்சவ" என்றாள். மாட்டுக் கொட்டகையில் எனக்குக் கட்டில் போட்டு நீ தாங்கியதை அவளிடம் சொல்லவில்லை. வாயில் பாக்ரி ரொட்டி இருந்தது.

என் குதிகால் வெடிப்புக்கு அவள்தான் எண்ணெய் தேய்க்கிறாள். இன்னும் என் ஊரைக்கூடக் கேட்கவில்லை.

பிறகு என் முறை வந்தது. குனிந்தாய், பாதத்தைத் தொட்டாய், "மாவுலி" என்றாய். முகத்தைப் பார்க்காமலே அடுத்த காலுக்குத் தாவிவிட்டாய்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? நீயும் தொடணும், அதானே வழக்கம்" என்று ஹௌசாபாய் இடித்தாள். வழக்கத்தை நான் மீறவில்லை. நான் பெற்ற பிள்ளையின் காலைத் தேடிக் குனிந்தேன். அதற்குள் உன் முதுகுதான் தெரிந்தது.

நான் எப்போது திரும்புவேன் என்று உன் மனைவி கவலைப்பட வேண்டாம். தரிசனம் முடிந்ததும் ஹௌசாபாயோடு அவள் ஊருக்குப் போகிறேன். கொட்டகையில் இனி மாட்டையே கட்டிக்கொள்.

இப்படிக்கு,
நேற்று நீ தாயென்று அழைத்தவர்களில் ஒருத்தி