ஸ்கூட்டர் சாவி என்னிடம்

அப்பா,

ஸ்கூட்டர் சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

பஞ்சாங்கத்துக்குள் ஒளித்த விழித்திரைப் படத்தைப் பார்த்துவிட்டேன். இடது கண் முழுக்க ரத்தக்கசிவு. ஏப்ரலில் எடுத்தது, இப்போது ஆகஸ்ட். "சுகர் கண்ட்ரோல்ல இருக்குடி, கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றீர்களே!

ராணுவ டிப்போவில் கிரேன் ஓட்டத் தகுதிச் சான்று வாங்க, கண் பரிசோதனை எழுத்துகளை என்னையே வாசிக்கவைத்து மனப்பாடம் செய்தீர்கள். விளையாட்டென்று நினைத்து வாசித்தேன்.

இன்று பதினொரு மணிக்கு உங்கள் கண்ணுக்கு லேசர் சிகிச்சை, நானே பதிவு செய்துவிட்டேன். ஹாட்பாக்ஸில் சப்பாத்தி இருக்கிறது. சாப்பிட்டு, ஆட்டோவில் தேஹு ரோடு ரயில் ஸ்டேஷனுக்கு வாருங்கள். அங்கே நிற்பேன், சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

சுப்ரஜா

பி.கு.: பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். இதையும் படிக்க முடியாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் தெரியட்டும்.