அத்தியூவிலிருந்து இருபது நிமிடம்

மௌகே தீவு
மே 21, செவ்வாய்க்கிழமை
(நம் ஊர்க் கிழமை)

அன்பு மகன் மெத்துவாவுக்கு,

கியா ஒரானா. நீயும் ஹெலனும் பெண்பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஜூலை விடுமுறையில் எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எந்த நாளில் பறப்பது என்று கேட்டிருந்தாய். இந்த விஷயத்தில் நீ என்னிடம் யோசனை கேட்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து குறித்துப் பார்த்தேன். குழப்பம் வராமலிருக்க வரிசையாக எழுதுகிறேன்.

1. பறக்கும் நாட்கள்.
2. எடை.
3. கிழமை மாறும் கணக்கு.
4. நீங்கள் மௌகேவுக்கு வரத் தேவையில்லை என்பதற்கான காரணங்கள்.
5. அம்மா.

முதலாவது. ஜூலை 6 சனிக்கிழமை காலை ஆக்லாந்தில் ஏறினால், இங்கே 5 வெள்ளிக்கிழமை மாலை ராரோதோங்காவில் இறங்குவீர்கள். சனிக்கிழமை சந்தைக்குப் போகலாம். ஞாயிறு சிறிய விமானம் ஓடாது. கோயிலுக்குப் போங்கள், பிள்ளைகள் பாட்டைக் கேட்கட்டும். திங்கள் காலை ஐத்துத்தாக்கி. கடற்கழியில் நீந்த மூன்று நாள் போதும். வியாழன் அங்கிருந்து நேரே அத்தியூ. குகைகள் பார்த்துவிட்டு 15ஆம் தேதி திங்கள் ராரோதோங்காவுக்குத் திரும்பிவிடலாம். காற்று மோசமாக இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். ஆகவே கடைசி நான்கு நாட்களைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இரண்டாவது. விமானம் சிறியது. பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். இங்கே விமான நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் நோரோவாவை நினைவிருக்கிறதா? என்னிடம் படித்தவள், உனக்கு இரண்டு வகுப்பு கீழே. தராசில் ஏறுகிறவர்களைக் கேலி செய்யாமல் இன்னும் அவள் விடுவதில்லை. போன மாதம் பாதிரியாரைப் பார்த்து, "ஐயா, பிரசங்கத்தையும் சேர்த்து நிறுத்துட்டேன், அதான் முள்ளு இப்படி ஓடுது" என்றாள். பாதிரியாரே சிரித்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன் உன் அம்மாவை ராரோதோங்கா மருத்துவமனைக்குக் கூட்டிப்போக இங்குள்ள விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். நோரோவா வழக்கம்போல அம்மாவின் பழைய பருமனை வைத்து, "என்னம்மா, இந்தத் தடவையும் ரெண்டு சீட்டுதானே?" என்று கேட்டாள். அம்மா தராசில் ஏறி நின்றாள். நாற்பத்தொரு கிலோ. நோரோவா தராசைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி ஏறச் சொன்னாள். அதே நாற்பத்தொன்று. குனிந்து எண்ணை எழுதிக்கொண்டாள்.

அம்மாதான் பேசினாள். "இந்த எடைக்கு எனக்கெதுக்கு விமானம்? கதவைத் திறந்து விடுங்க, காத்தே கொண்டு போய்ச் சேர்க்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கி, வந்த வண்டியிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் எவ்வளவோ சொன்னேன். "வாத்தியாரே, வண்டிய எடு" என்றாள். எடுத்தேன். வற்புறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அது வராது.

பெட்டிக்கு ஆளுக்குப் பதினாறு கிலோ. அதற்கு மேல் கொண்டுவர வேண்டாம்.

மூன்றாவது. கிழமைக் கணக்கை எழுத எனக்குத் தகுதி இல்லை. முப்பது வருடம் கரும்பலகையில் தேதிக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நாளை, இந்தப் பக்கம் இன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உன் அண்ணன் பூனா இறந்தபோது, வியாழன் இறங்கும் விமானமும் இருக்கிறது, வெள்ளி இறங்கும் விமானமும் இருக்கிறது, எதில் வருவது என்று தொலைபேசியில் கேட்டாய். நம் ஊர்க் கிழமைக்கு நீ மாற்றித்தான் சொன்னாய். நான் அதிலிருந்து மறுபடியும் ஒரு நாளைக் கழித்தேன். வெள்ளி என்றால் நமக்கு வியாழன்தானே, அவசரப்படாமல் அதிலேயே வா என்றேன். நீ வெள்ளி மாலை வந்து இறங்கினாய். அங்கிருந்து மௌகேவுக்கு வரும் விமானம் அன்று காலையே புறப்பட்டுவிட்டது. சனிக்கிழமை பூனாவை வீட்டு முற்றத்தில் அடக்கம் செய்தோம். நீ ராரோதோங்காவிலிருந்தே திரும்பிப் போனாய். இந்த இரண்டு வருடத்தில் நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆகவே மேலே உள்ள தேதிகளை நோரோவாவிடம் கொடுத்து இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். "உங்க கணக்குல இந்தத் தடவை தப்பே இல்ல வாத்தியாரே, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள்.

நான்காவது. எங்களுக்கு வாரத்தில் இரண்டு விமானம்தான், திங்களும் வெள்ளியும். வெள்ளி விமானம் அத்தியூவில் இறங்கிவிட்டு இங்கே வரும். நீங்கள் அதில் ஏறினால் இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். ஆனால் திரும்பிப் போகத் திங்கள்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மூன்று நாள் வீண். இங்கே கடற்கழி இல்லை, கரையெல்லாம் கூரான பவளப்பாறை, கால் கிழியும். தங்கும் விடுதியும் இல்லை. ஆகவே மௌகேவை விட்டுவிடலாம். இது அம்மாவின் முடிவும்தான். "ஊர் சுத்திப் பாக்க வர்ற பிள்ளைங்களுக்கு நோயாளி மூஞ்சியக் காட்டணுமா? நாலாவதா அதையும் எழுதிடு" என்றாள்.

ஐந்தாவது. அம்மாவுக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை. மே முதல் வாரம் வந்த மருத்துவர் பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். ராரோதோங்காவுக்குக் கொண்டுபோவதானால் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கு இருக்கைகளைக் கழற்ற வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "எனக்காக நாலு பேர இறக்கி விடப் போறியா? அதுவும் பூனாவ விட்டுட்டு எங்க போறது?" என்றாள். முன்னறை ஜன்னலோரம் படுத்திருக்கிறாள். அங்கிருந்து அவன் கல்லறை தெரியும். போன வாரம் அதற்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தாள். அதை ஒட்டி இந்தப் பக்கமும் ஆறடிக்குப் புல்லை வெட்டச் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவுதான் எழுத நினைத்திருந்தேன். முடித்தவுடன் முதலிலிருந்து திருத்திப் பார்ப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். பார்த்தேன். எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை விமானச் சத்தம் கேட்டதும் அம்மா தலையை வாரிவிடச் சொல்கிறாள். வாரிவிடுகிறேன். பிறகு விமான நிலையத்திலிருந்து யாராவது நம் வீட்டு வழியாகப் போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யார் வந்தார்கள் என்று கேட்கிறாள். பெயர்களைச் சொல்கிறேன். "ம்" என்கிறாள். போன வெள்ளியும் அப்படித்தான்.

மெத்துவா, இந்தப் பயணத் திட்டத்தை நம்பி ஜூலைவரை காத்திருக்காதே. ஐத்துத்தாக்கி எங்கும் போய்விடாது. உன்னால் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை வா. கிழமையை என்னிடம் கேட்காதே, நோரோவாவிடம் கேள். அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் கடல் மேலே பத்திரமாகச் சுமந்து வரட்டும்.

மற்றக் குறிப்புகளெல்லாம் சரிதான் என்று நினைக்கிறேன். நான்காவது தவறு.

உன் அப்பா,
தெரெமானா