குறட்டைச் சபையின் வரலாறு

வோபர்ன்,
மாசி 9

அன்பின் செரீனாவின் அப்பாவுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் வன்கூவருக்கு வேலைக்குப் போன பிறகு உங்கள் சுகத்தைக் கரோலினின் பேஸ்புக்கில்தான் அறிகிறேன். அங்கத்தைக் கோயில் பங்கு ஒன்றுகூடலில் அவவுக்குப் பக்கத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் வாங்கித் தந்த சுவெற்றரைத்தான் காணவில்லை.

இங்கே ஒரே பனி. வழித்து வழித்து எனக்கு முதுகு பிடித்துவிட்டது. அப்பா எப்ப வருவார் என்று செரீனா கேட்டாள். கொண்ட்ராக்ற் முடிய வருவார் என்றேன்.

குறட்டைச் சபை விஷயத்துக்கு வருகிறேன். கலியாணம் முடித்த புதுசில், சென் ஜேம்ஸ் ரவுணில் லிஃப்ற் பழுதாகிற நாட்களில், படியேறிக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் கட்டிய கதை அது. எண்ணூறு வருடத்துக்கு முந்திய துறவிகள். கடவுள் நித்திரையில்தான் பேசுவார் என்று நம்பி, குறட்டையையே செபமாக ஒப்புக்கொடுத்தவர்கள். குறட்டை வராதவரைக் குசினியில் சமைக்க விட்டது என்னுடைய கற்பனை. மணி அடித்தவரை மடத்தை விட்டுத் துரத்தியது உங்களுடையது. வேறு ஒருவருக்கும் அதைச் சொல்லாமல்தான் வைத்திருந்தோம்.

இப்போது அது உங்கள் கோயில் பங்கு மலரில் வந்திருக்கிறது. எழுதியவர்கள் என்று கிளிபோட் என்ற உங்கள் பெயர், பக்கத்தில் கரோலின். என் பெயர் நன்றி சொல்கிற இடத்தில்கூட இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, அதை ஏன் மறைப்பான். ஒரு பகிடிக் கதைக்குப் போய் இப்படிக் கொதிக்கிறியே அக்கா என்று தங்கச்சி எமில்டா சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

போனில் கேட்டதற்கு, அவ ஒரு பகுதி எழுதித் தந்தவ, அவ்வளவுதான், கோயிலுக்கு வெளியே கண்டதே இல்லை என்றீர்கள். நம்பத்தான் பார்த்தேன். பிறகு அவ எழுதிய பகுதியை வாசித்தேன். மடத்துத் தலைவர் மூன்று தரம் குறட்டை விட்டு, நாலாவதில் மெல்லிசாக ஒரு விசில் அடித்து, வலப்பக்கம் புரண்டு படுப்பாராம்.

நாங்கள் கட்டிய கதையில் அது இல்லை. நித்திரையில் நீங்கள் விசில் அடிப்பது உங்களுக்கே தெரியாது. வெட்கப்படுவீர்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

போனில் கதைத்தால் அழுதுபோடுவேன் என்றுதான் எழுதுகிறேன். மாதா உங்களை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் ஒருக்கா வாங்கோ. வந்து, போனில் சொன்னதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. பொய்யென்றாலும் பக்கத்தில் இருந்து சொல்லுங்கோ.

உங்கள்
அன்ரனெற்