அஞ்சு யாருக்கு?

டுலுத், பிப்ரவரி

அன்பு மகள் சிக்னிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், வீட்டு போனுக்குத்தான் சுகமில்லை. அலாஸ்கா பனியில் நீயும் மாப்பிள்ளை டென்னியும் வண்டி இழுக்கிற உங்கள் நாய்க் கூட்டமும் சௌக்கியம்தானே.

பழைய போன் லைனை எடுத்துவிட்டு, டிவி கேபிளிலேயே இன்டர்நெட், அதிலேயே போன் என்று உன் அப்பா மாற்றினாரே, அன்று பிடித்தது தலைவலி. நீ பேசுவதில் பாதியை அது விழுங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "அம்மா... டாக்டர் பாத்துட்டாரு... வயித்துல... அஞ்சாம்!" அப்புறம் கொர் கொர். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதுண்டா? ஆனால் மனசு கேட்காமல் இருக்குமா? சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த என் தோழி மேவிஸ் காதில் மட்டும் சொன்னேன். அவளுக்குக் காது மந்தம் என்பது மறந்துபோயிற்று. "அஞ்சு பிள்ளையா!" என்று அவள் போட்ட கூச்சலில் பாஸ்டர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். இப்போது சர்ச் பெண்களெல்லாம் ஆளுக்கொரு ஜோடி குட்டிக் காலுறை பின்னுகிறார்கள். சனிக்கிழமை உனக்கு விருந்து வேறு, நீ இல்லாமலே.

உன் அப்பாவோ டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல், "அது நாய் டாக்டரா இருக்கும்டி, அந்த ஜூனோ சரியா திங்கலன்னு சொன்னாளே, அதுக்கு அஞ்சு குட்டியோ என்னமோ" என்றார். எனக்குப் பகீரென்றது. உடனே கூப்பிட்டு, "ஜூனோவுக்காடி?" என்று கேட்டேன். நீ சொன்னதில் "...னோ" மட்டும்தான் வந்தது. நோ என்றாயா, ஜூனோ என்றாயா? மறுபடி கேட்பதற்குள் லைன் போய்விட்டது. கராஜில் போய்ப் பார்த்தால் அந்த மனுஷன் கேபிளை வெட்டி மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டு, அங்கே ஒரு டிவி வைத்து ஹாக்கி பார்க்கிறார்! அவர் அங்கே கோல் பார்த்தால் இங்கே உன் பேச்சு அறுகிறது. வந்த ஆத்திரத்தில் ஒட்டுகளையெல்லாம் பிடுங்கிப்போட்டேன். டிவி நின்றது, இன்டர்நெட் நின்றது, போனும் ஒரேயடியாகச் செத்தது. செல்போனுக்கும் நம் வீடு இருக்கிற இந்த மலைச்சரிவில் டவர் கிடையாது. கேபிள்காரன் அடுத்த வாரம்தான் வருவானாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு என்றால் முதல் விமானத்தில் வந்து நிற்பேன். ஜூனோவுக்கு என்றால் ஒருநாள் அழுதுவிட்டு அடுத்த விமானத்தில் வருவேன், உன்னைப் பார்த்துத்தான் எத்தனை நாளாயிற்று. எதுவானாலும் கனமானதைத் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உங்கள் எல்லாருக்கும் துணையிருக்கட்டும்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா ஆர்லிஸ்

மறந்துவிடாதே: பத்துக் காலுறை தயாராகிவிட்டது. இருபது வேண்டுமா என்று சீக்கிரம் எழுது, கம்பளி வாங்க வேண்டும்.