வடிவுக்குப் பார்த்த பள்ளிக்கூடம்

கதிர்காமக் கந்தன் துணை

மேல் டிவிசன் பங்களா,
லிந்துலை.
1954 ஐப்பசி

அன்பு மகன் சோலைமலைக்கு உன் அப்பா ஆசி சொல்லி எழுதுவது. கந்தன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் தங்கச்சி வடிவும் நல்ல சுகம், சிங்கப்பூர் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. பங்களாக் குசினியில் விறகெல்லாம் நனைந்து புகைந்து என் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடக்கிறது, எழுத்து கோணியிருந்தால் கண்ணைக் குறை சொல், கையைச் சொல்லாதே. பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போனபின் வந்திருக்கும் புதுத்துரை நல்ல மனுஷர்தான், ஆனால் சமைக்கிறவனுக்கு அவரால் ஒரு பிரயோசனமும் இல்லை, ராத்திரிக்கு ஒரு கோப்பை சூப்பும் ரொட்டியும் போதும் என்கிறார், இதற்கு ஒரு சமையல்காரன் எதற்கு. வேலாயி அத்தைக்கு இடுப்பு வலி, மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை என்று பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள், அவள் போடும் அதட்டலில் பிள்ளைகள் தூங்குகின்றனவா, பயந்து கண்ணை மூடிக்கொள்கின்றனவா தெரியவில்லை. பிரஜாவுரிமை மனுவுக்கு இன்னும் பதில் இல்லை, கேட்டால் வரும் வரும் என்கிறார்கள்.

இனி நீ எழுதியிருந்த பள்ளிக்கூட விஷயம். வடிவை வருகிற தை மாதம் நுவரெலியாவில் துரைமார் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள், கட்டணம் என் பொறுப்பு என்று நீ எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ கப்பல் ஏறிய அடுத்த வருஷம் பிறந்த பிள்ளை, நீ படத்தில் பார்த்ததோடு சரி, அவளுக்கு எது நல்லது என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இவன் என்ன சொல்வது என்று சத்தம் போட்டேன். ஆறிய பிறகு யோசித்தால் நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும், அதற்கு மேல் முதுகில் கூடைதான். நீ தலவாக்கலைக்கு நடந்து போய்ப் படித்த காலம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, மழையில் தெப்பமாக நனைந்து வருவாய், ஆனால் சாக்கில் சுற்றி அக்குளில் இடுக்கிய புத்தகத்தில் ஒரு சொட்டு பட்டிருக்காது, அடுப்படியில் உன்னை உட்கார வைத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே உன் அம்மா என்னைத் திட்டுவாள், மழைக்கு நான் என்ன செய்வேன். பெண் பிள்ளையை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. உன் அம்மாவின் ஆசை ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம், செலவு குறைவு, தமிழும் சொல்லிக் கொடுப்பார்கள், சனிக்கிழமை பஸ் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டையும் பார்த்துவிட்டு உனக்கு எழுதுவோம் என்று முடிவு செய்து முதலில் நுவரெலியாவுக்குக் கிளம்பினோம்.

உன் அம்மா நீ அனுப்பிய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். வடிவுக்கு மீராசாஹிப் முதலாளி கடையில் புதுச் சப்பாத்து வாங்கினோம், சேறு படும் என்று அவள் அதைக் கையில் தூக்கிக்கொண்டே ஸ்டேசன் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாள், நானுஓயாவில் இறங்கிப் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் காலில் போட்டாள். பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனதும் என் கால் தானாகப் பின்பக்கம் திரும்பிவிட்டது. பழைய துரை மகன் பீட்டர் பேபி அங்கே இருந்தபோது எத்தனை தடவை கேக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பின்பக்கத்துக் குசினிக் கதவுக்குப் போயிருப்பேன், முன்கதவு எந்த நிறம் என்று கேட்டால் கூட எனக்குத் தெரியாது. உள்ளே சமையல் செய்கிறவன் நம்ம செல்லசாமி, நானும் அவனும் ஒரே காலத்தில் குசினி வேலைக்கு வந்தவர்கள். டீ கொடுத்தான், ஊர்க்கதை பேசினோம். பேச்சு மும்முரத்தில் அவன் அடுப்பில் வைத்த கஸ்டர்ட் அடிபிடிக்கும் வாடை வந்தது. எனக்கு அதெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று உனக்குத் தெரியுமே, தள்ளடா என்று அகப்பையை வாங்கி வேறு சட்டியில் ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய மிஸ் உள்ளே வந்து, லிந்துலையில் இருந்து ஒரு பிள்ளையின் தகப்பனார் வருவதாக எழுதியிருந்தார், ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறேன், யாராவது பார்த்தீர்களா என்று செல்லசாமியிடம் கேட்டார். அவன் என்னைப் பார்க்கிறான், நான் சட்டியைப் பார்க்கிறேன், உன் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். கையில் அகப்பையோடு அது நான்தான் மிஸ் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது, என் முகம் கறுப்பு, அதனால் தப்பித்தேன். தயவு செய்து முன்பக்கமாக வாருங்கள் என்றார். மூன்று பேரும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய் மணியை அடித்தோம், அவரே வந்து கதவைத் திறந்து முதல் முறை பார்ப்பது போலக் கைகொடுத்தார்.

அந்தப் பள்ளிக்கூடம் நாம் அறிந்த பழைய பள்ளிக்கூடம் இல்லை. துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குப் போகப் போகக் கட்டில்கள் காலியாகிவிட்டன, அதனால் எந்தத் தேசத்துப் பிள்ளையானாலும் சரி, கட்டணம் கட்டினால் சேர்த்துக்கொள்கிறார்கள். ஹாலந்து தேசத்து உலாந்தாப் பெண் ஒன்று, சீனப் பிள்ளைகள் இரண்டு, கொழும்பில் பெரிய கடை வைத்திருக்கும் பார்சிக்காரர் மகன், இப்படிக் கலந்து கிடக்கிறது. மிஸ் வடிவிடம் பெயரும் வயதும் கேட்டார், பழைய துரைசாணி கொடுத்த படப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிப் படித்த இங்கிலீஷில் நம்ம பிள்ளை தலையை நிமிர்த்திப் பதில் சொன்னாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த உலாந்தாப் பெண் இவளைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இறங்கி வரும்போது ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு என்று முடிவே செய்துகொண்டு வந்தாள், உன் அம்மா என்னைப் பார்த்தாள்.

கட்டணத்தைக் கவனமாக வாசி. மிஸ் சொன்னதோடு விடாமல், எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராததால் அச்சடித்த தாளை மீராசாஹிப் முதலாளியின் மகன் ஸுஹைரை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ ஒரு வருஷத்துக்கு என்று நினைத்து எழுதிய தொகை ஒரு தவணைக்கு உரியது, வருஷத்துக்கு மூன்று தவணை, ஆகவே மூன்றால் பெருக்கிக்கொள். பெரிய எழுத்தில் இருப்பது படிப்பு, சாப்பாடு, படுக்கை இந்த மூன்றுக்கும்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் சலவைக்குத் தனி, டாக்டருக்குத் தனி, பியானோவுக்குத் தனி, குதிரைச் சவாரிக்குத் தனி. சேரும்போது கட்டுவது திரும்பி வராது, ஈடாகக் கட்டுவது பிள்ளை விலகும்போது உடைத்ததையும் கிழித்ததையும் கழித்துக்கொண்டு வரும். இடையில் நிறுத்துவதானால் ஒரு தவணைக்கு முன்பே அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை இல்லாமலே ஒரு தவணைக் காசு கட்ட வேண்டும். இதெல்லாம் நமக்குப் புதிதா, தோட்டத்தில் அரிசிக்காசு கம்பளிக்காசு என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள், இங்கே அதே பிடிப்புக்கு நம்மையே காசு கட்டச் சொல்கிறார்கள். குதிரை வேண்டாம் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன், வடிவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, இருக்கட்டும். என் கவலை உன்னைப் பற்றியது. உனக்கும் இருபத்தேழு ஆகிறது, கல்யாணத்துக்கு என்று வைத்திருப்பதை எல்லாம் இதில் கொட்டிவிட்டு நிற்காதே, முடியாது என்றால் முடியாது என்று எழுது, அப்பாவிடம் சொல்ல என்ன வெட்கம்.

ஆனால் காசைவிட வேறொன்று என்னைப் பிடித்து ஆட்டியது. பீட்டர் பேபி உனக்கு நினைவிருக்கும், கோழிக்கூட்டுக்குப் பின்னால் நீயும் அவனும் பாதி வேகாத கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டு வயிற்று வலியோடு வருவீர்களே, உன்னைவிட நன்றாகத் தமிழில் கெட்ட வார்த்தை பேசுவான். ஆறு வயதில் அவனை அந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். கேக்கை எடுத்துக்கொண்டு போனால் குசினிக்கு ஓடி வந்து என் துணியைப் பிடித்துக்கொண்டு, அப்பு, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க என்று அழுவான். எட்டு வயதில் சீமைக்கு அனுப்பினார்கள், ஜெர்மன்காரன் சண்டை வந்துவிட்டது, கப்பல் ஏறி வர முடியவில்லை. நீ கப்பல் ஏறிய அடுத்த மாதம்தான் வந்தான், வளர்ந்த ஆள். நான் அவனுக்குப் பிடித்த தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவன் தன் தாய்க்குக் கைகொடுத்தான், பிறகு எனக்கும் கைகொடுத்தான், ஒரு தமிழ் வார்த்தை வாயில் வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் துரைசாணி குசினிக்கு வந்தார், அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அந்தப் படியை மிதிக்காத அம்மா, அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு, பீட்டருக்கு என்ன பிடிக்கும் அப்பு என்று என்னிடம் கேட்டார். இதை நான் உனக்கு எழுதியதில்லை, நீயும் அப்போது புது ஊரில் தனியாக இருந்தாய்.

அந்த நினைப்போடுதான் புறப்படும்போது மிஸ்ஸிடம், பிள்ளையின் சேதி எங்களுக்கு எப்படித் தெரியும் என்று என் பங்களா இங்கிலீஷில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலில் ஜெபம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், டீச்சர் வாசித்துப் பார்த்துத்தான் உறையை ஒட்டுவார், அதனால் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம். அதை உன் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ரெயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள், "எம் மக எழுதுன காயிதத்த கடைக்காரவுக வீட்டுப் பையன் வாயால கேக்கணுமா நான்?" ஸுஹைர் தங்கமான பையன், இருந்தாலும் கடையில் நாலு பேர் சீனி வாங்கிக்கொண்டு நிற்க, நம்ம பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை அவன் சத்தமாகப் படிப்பான். தலவாக்கலை வருவதற்குள் நான் ஹட்டன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் ஹட்டனுக்கும் போனோம், நல்ல இடம், அன்பான கன்னியாஸ்திரிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வடிவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு உன் அம்மா சில நாள் யோசனையாகவே இருந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தவள், நுவரெலியாவுக்கே அனுப்புவோம் என்றாள். நான் பீட்டர் பேபியை நினைவுபடுத்தினேன். அவள் சொன்ன யோசனை இது. வடிவு ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை எங்களுக்கு எழுத வேண்டாம், உனக்கு எழுதட்டும். நீ அதை வாசித்து அப்படியே தமிழில் எழுதி எங்களுக்கு அனுப்பு. அவளுக்கும் முகம் காணாத அண்ணனோடு பழகியது போல் இருக்கும், லீவுக்கு வரும்போதெல்லாம் நாங்கள் தமிழ் எழுத்தை விடாமல் பார்த்துக்கொள்வோம். ஸுஹைரைக் கொண்டு மிஸ்ஸுக்கு எழுதிக் கேட்டேன், நேற்றுப் பதில் வந்தது, கட்டணம் கட்டுகிறவர் அண்ணன் ஆகையால் அவருக்கு எழுதலாம், மூன்று லீவுக்கும் பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்று.

ஆகவே மகனே, சம்மதமானால் கட்டணத்தோடு இந்த வேலையும் உன்னுடையது. போன தீபாவளிக்கு நீ எழுதிய கடிதம் கார்த்திகையில் வந்தது, அதற்கு அடுத்தது சித்திரையில், இனி அது நடக்காது, வாரம் தவறக்கூடாது. அவள் எழுதியதை நல்லதோ கெட்டதோ மறைக்காமல் எழுது, கீழே உன் சுகத்தையும் இரண்டு வரி எழுது. எனக்கு இதில் இன்னும் முழு மனம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பங்களாவில் இருந்து திரும்பும்போது ஓடி வந்து என் கைப்பையைப் பிடுங்குகிற பிள்ளை இல்லாமல் அந்த லயத்து வீட்டுக்குள் எப்படி நுழைவேன். பிள்ளையை விட்டு இருந்துவிடுவாயா என்று உன் அம்மாவிடமும் கேட்டேன். முறத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், "எட்டு வருசமா ஒருத்தன விட்டுட்டு இருக்கேன்ல. இவள அனுப்புனா வாராவாரம் ரெண்டு பேரு காயிதமும் வரும்ங்க" என்றாள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கடைச் சாப்பாட்டைக் குறை. கந்தன் உன்னைக் கைவிடமாட்டான், எங்கள் ஆசி எப்போதும் உன் தலைமேல் இருக்கும். மார்கழி பிறக்கும் முன் மிஸ்ஸுக்கு முடிவு சொல்ல வேண்டும், ஆகவே சம்மதமா இல்லையா என்று ஏர்மெயிலில் உடனே எழுது.

உன் வரவையும் உன் எழுத்தையும் பார்த்திருக்கும் அப்பா,
இராமையா