நரம்பு ஊர்ந்து வந்த வழி

இன்று ராஜபாளையத்தில் ஏறிய பஸ்ஸில் சீட்டுகளுக்கெல்லாம் புது ரெக்சின் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். எனக்கு மனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குப் போகும் தெருவில் நீ நடத்திய பிசியோதெரபி அறையின் கட்டிலுக்கும் இதே வாடைதான். அதில்தான் என் பிள்ளை கவினை முதன்முதலாகக் கிடத்தினேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நான் கல்யாணமாகி ராஜபாளையம் போனேன். நீ படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தாய். பார்த்து வருஷங்கள் ஆகியிருந்த உன் முன்னால் பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

பிரசவத்தில் அவன் தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு உயிரும் பிழைத்ததே பெரிது என்றார்கள். மறுநாள் காற்றில் கதவு படாரென்று சாத்தியது. திடுக்கிட்டு அவன் இடது கை விரிந்தது. வலது கை அசையவில்லை. தன்னுடையதே இல்லை என்பதுபோல் பக்கத்தில் கிடந்தது. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் இழுபட்டிருக்கின்றன, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், பயிற்சி கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

"ஏட்டி, அழாத. உன் கண்ணீர் அவன் மேல சொட்டுது பாரு," என்றாய். அவன் முழங்கையை உள்ளங்கையில் ஏந்தி, தோளை மெல்லச் சுழற்றிக் காட்டினாய். "அக்குளைப் பிடிச்சுத் தூக்காத. எண்ணெய் போட்டு இழுத்து விடுதேன்னு எவ வந்தாலும் புள்ளையக் குடுக்காத." பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் நீ காட்டியபடியே செய்தேன். விரல்கள் அசைய ஆரம்பித்தன. முழங்கை மட்டும் மடங்கவே இல்லை.

குப்புற விழும் பருவம் நெருங்கியபோது என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் பேசினாய். நரம்பு இழுபட்டதோடு நிற்கவில்லை, அறுந்திருக்கிறது. மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும். கெண்டைக்காலில் இருந்து ஒரு நரம்பை எடுத்து அறுந்த இடத்தில் வைத்துத் தைப்பார்கள் என்றாய். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. மில்லில் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற மனிதர். பிள்ளையைப் பிரிப்பதா என்று பதறினார். "கைதான் போச்சு, நல்லா இருக்க காலையும் கெடுக்கணுமா? இந்தப் பச்சப் புள்ளையவா கத்திக்குக் குடுக்கச் சொல்லுதீய?"

நீ கோபப்படவில்லை. "அண்ணே, கால் நல்லா நடக்கும். பாதத்து ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், அம்புட்டுதான். ஆனா நாள் போச்சுன்னா கைத்தசை காஞ்சிரும். பொறவு நான் எம்புட்டுப் பயிற்சி குடுத்தாலும் வராது," என்றாய். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இவர் பிள்ளையின் வலது கையைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான், "மதுரைக்குப் போவோம்," என்றார்.

ஆபரேஷன் முடிந்து கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கை பழையபடியே கிடந்தது. நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். "வச்ச நரம்பு கரண்ட் வயரு இல்லட்டி. அது வெறும் பாதை. கழுத்துல இருக்க நரம்பு அதுக்குள்ள ஊர்ந்து ஊர்ந்து கைக்கு வந்து சேரணும். ஒரு நாளைக்கு நகக்கண் அளவுகூட நகராது," என்றாய். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் என் கண் அந்தத் தோளிலேயே இருக்கும். அந்த மெல்லிய தோலுக்கு அடியில், யாருக்கும் கேட்காமல், எதுவோ ஒன்று வந்துகொண்டிருந்தது.

அது வந்து சேர்ந்த நாளில் நீயும் இருந்தாய். அவன் உட்காரப் பழகியிருந்தான். நீ என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து அவன் கன்னத்தில் ஒட்டினாய். இடது கையை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டாய். அவனுக்கு எரிச்சல். சிணுங்கினான், தலையை ஆட்டினான். வலது முழங்கை நடுங்கியது. கொஞ்சம் மடங்கி விழுந்தது. மறுபடியும் மடங்கியது. கை மெதுவாக, மிக மெதுவாக மேலே ஏறி, விரல் கன்னத்தைத் தொட்டது. பொட்டு உதிர்ந்தது. அவன் அதை உடனே வாயில் போடப் பார்த்தான். நீ பிடுங்கிக்கொண்டாய்.

அழுதபடியே சிரித்தேன். "காலுல கெடந்த நரம்புக்கு, கைய மடக்கணும்னு யாருட்டி சொல்லிக் குடுத்தா?"

நீ கையை நீட்டிக் காட்டினாய். மயிர் குத்திட்டு நின்றது. "எத்தன புள்ளைய பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். மூளை வழி கண்டுபிடிச்சிக்கிடும்னு படிச்சிருக்கேன். எப்படின்னு கேட்டா எனக்கும் தெரியாதுட்டி."

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. உன் வீட்டு வாசலில் இவர் குழந்தையைப்போல் தேம்பித் தேம்பி அழுதார். ஆபரேஷன் வேண்டாம் என்று உன்னிடம் முகம் சிவந்த அதே மனிதர்.

கவின் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வலது கை காதுவரைதான் ஏறும். சட்டை மாட்டத் தோளைக் கொஞ்சம் வளைப்பான். அது போதும் அவனுக்கு. நீ போன பிறகு ஒருநாள் செருப்பு மாட்டும்போது கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டி, "இது எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டான். காலைப் பார்த்தான். கையைப் பார்த்தான்.

"அப்ப என் கைக்குள்ள கால் இருக்காம்மா?" என்றான். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டாளிகளிடம் சொல்லத் தெருவுக்கு ஓடிவிட்டான்.

இதை முதலில் உன்னிடம் சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டேன். உன் பேரைத் தேடிய பிறகுதான் நினைவு வந்தது. சொல்லாத அந்த ஒரு வரியை இன்னும் வைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய். பிறகு மயிர் குத்திட்டு நின்ற கையை நீட்டிக் காட்டியிருப்பாய்.