பம்பரையும் சேர்த்து அளந்திருக்கலாம்

மார்ச் 4

மரியாதைக்குரிய தையல்காரர் அவர்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் சௌக்கியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கார் நன்றாக இருந்தால் நீங்களும் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

நேற்று போன் செய்தீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்து எடுத்தேன். "ஒரு நிமிஷம், இதைக் கேளேன்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கொண்டுபோய் இஞ்சின் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியிடம் எட்டு சிலிண்டரைப் பேசவிட்ட ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். இனி போனை எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள். காகிதத்தில் சத்தம் வராது.

நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பிறகு "நீ சொல்லவே இல்லையே" என்று முழிக்கக்கூடாது. பழைய அமெரிக்கக் கார் வாங்கப்போகிறேன் என்றீர்கள், சரி என்றேன். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும் என்றீர்கள், அதற்கும் சரி என்றேன். ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்த மனுஷன் டேப்பை வைத்து ஷெட்டையும் காரையும் மூன்று தடவை அளந்தீர்கள். முன்னாலும் பின்னாலும் இருக்கிற பம்பரை மட்டும் விட்டுவிட்டீர்கள். கப்பல் மாதிரி கார் வந்தது. ஷெட் கதவைச் சாத்த முடியவில்லை. இரண்டு மாதம் அதன் வாலுக்குத் தார்ப்பாய் போர்த்தியே வைத்திருந்தோம். நானும் வாயைத் திறக்காமல் ஞாயிற்றுக்கிழமையானால் உங்களோடு அதில் ஊர் சுற்றினேன்.

போன வாரம் ஆர்டர் கேக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து பார்த்தால் ஷெட்டை ஒட்டியிருந்த என் அடுப்படிச் சுவரைக் காணோம். என் ஓவன் இருந்த இடத்தில் ஒரு கார் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. மேஜையில் ஆறவைத்திருந்த அடுத்த கேக் முழுக்கச் செங்கல் தூள். மேல்பூச்சை வழித்துப் புதிதாகப் பூசிக் கொடுத்தேன். வாங்கிப்போன பேங்க் மேனேஜர், "இந்தத் தடவை பாதாம் கொஞ்சம் கெட்டியா இருந்துச்சும்மா" என்றார். நான் பாதாமே போடவில்லை.

இப்படிக்கு,
அடுப்படி இல்லாதவள்

-

மார்ச் 9

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் கட்டிங் மாஸ்டர் முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒருத்தருடைய முழுக்கை சட்டை அரைக்கை ஆகிவிட்டது.

சுவர் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீயே யோசித்துப் பார். பின்பக்கம் இரண்டு இறக்கை. ஒவ்வொன்றிலும் தக்காளிப் பழம் போல இரண்டிரண்டு சிவப்பு விளக்கு. அதைத் தெருவில் நீட்டிக்கொண்டு விட்டால் எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் அதற்கு எங்கே அலைவது? மூக்குதான் உள்ளே வந்திருக்கிறது, அதுவும் ஒன்றரை அடி. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் அதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் நீ ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

முன் சீட்டுக்குப் புது உறை தைத்துவிட்டேன். நீலத்தில் வெள்ளைக் கரை, இரட்டைத் தையல். சோபா மாதிரி ஒரே நீள சீட் இல்லையா, துணி ஏகத்துக்கு இழுத்துவிட்டது. உன் பக்கம் மட்டும் இடுப்புக்கு மெத்தென்று உள்ளே பஞ்சு வைத்திருக்கிறேன். என் சர்வீஸில் "ஃபிட்டிங் சரியில்ல" என்று திருப்பிக் கொண்டுவராத ஒரே வாடிக்கையாளர் இவள்தான்.

இன்னொரு சின்ன விஷயம். கதவில் ஒரு பள்ளத்துக்குப் பட்டி பூசத் தட்டையான கத்தி தேவைப்பட்டது. உன் கேக் பூசுகிற கத்தியை எடுத்துக்கொண்டேன். உடனே கழுவிவிட்டேன். முக்கால்வாசி போய்விட்டது.

எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உனக்காக ஷெட்டைக் கூட்டி வைத்திருக்கும் கணவன்

-

மார்ச் 15

தையல்காரர் அவர்களுக்கு,

காரை "இவள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. சில ஆண்கள் சின்ன வீடு வைத்துக்கொள்வார்கள். அதையாவது வேறு தெருவில் வைப்பார்கள். நீங்கள் சுவரை இடித்து அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

ஃப்ரிட்ஜுக்குள் வெண்ணெய் வைக்கலாம். உங்கள் காருக்குள் வைத்துப் பாருங்கள். கத்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் இடுப்பு வலியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். அது வந்ததே உங்கள் காருக்காக நீங்கள் நடு அடுப்படியில் தள்ளிவைத்த ஓவனை நான் ஓரத்துக்கு நகர்த்தியதால்தான்.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒழுங்கு என்றால் மூச்சு முட்டுகிற ஒழுங்கு. தங்கச்சியின் ஓவன் ரேடியோ அளவுதான். ஒரு கேக் வெந்து வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அவள் வீட்டுக்காரர் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிக் கார் வைத்திருக்கிறார். ஓட்டி முடித்ததும் அதற்கு உறை போட்டு நாடா கட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். நேற்று சாப்பிடும்போது, "அந்தக் காலத்து காரெல்லாம் வெறும் தகரம் அண்ணி" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "தகரமா? எங்க கார் போய் விளக்குக் கம்பத்துல இடிச்சப்போ கம்பம்தான் சாஞ்சுது" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு உங்களை எவ்வளவு திட்டினேன் என்பது அவருக்குத் தெரியாது.

வண்டியை ஓட்டாமல் வைத்திருந்தால் பேட்டரி வயரைக் கழற்றி வைத்தீர்களா? காருக்காகக் கேட்கவில்லை. அடுப்படியில் தீப்பிடிக்கக்கூடாதே என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சி வீட்டு விருந்தாளி

-

மார்ச் 21

என் அன்பானவளுக்கு,

வயரைக் கழற்றிவிட்டேன். நீ கேட்டது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? உடனே மறுபடி மாட்டி ஒரு ரவுண்டு போகலாம் என்று கிளம்பிவிட்டேன். அங்கேதான் வந்தது வினை.

நம் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் ஒரு லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் தெரியும். நீ தலையை வெளியே நீட்டி, "இருங்க, இருங்க... பஸ் வருது... ம், இப்ப போலாம்" என்பாய். நானும் அழுத்துவேன். இத்தனை நாள் நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் இடத்தில் கட்டிங் மாஸ்டரை உட்கார வைத்தேன். "போலாமா?" என்றால் "போலாம் போலாம்" என்கிறார். திரும்பிப் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். எதிரே தண்ணீர் லாரி! நூலிழையில் தப்பினோம். அவரை இறக்கிவிட்டுத் தனியாகப் போனேன். முன்னால் ஒரு வைக்கோல் லாரி. தாண்டவும் முடியவில்லை, திரும்பவும் இடமில்லை. கப்பலைத் திருப்ப மைதானம் வேண்டுமே. அதன் பின்னாலேயே போய்ப் போய், அது எங்கே லோடு இறக்குமோ அங்கேயே போய்ச் சேர்ந்தேன். தலையெல்லாம் வைக்கோல். லாரி டிரைவர் இறங்கிவந்து, "என்ன சார், லோடு உங்களுதா?" என்றார். பாவம், டீ வாங்கிக் கொடுத்தார்.

நீ இல்லாமல் என்னால் ஒரு மாட்டு வண்டியைக்கூடத் தாண்ட முடியாது.

இப்படிக்கு,
லாரிக்குப் பின்னால் நிற்கும் உன் கணவன்

-

மார்ச் 27

தையல்காரருக்கு,

வைக்கோல் கதையைப் படித்துவிட்டு நான் சிரித்த சத்தத்தில் தங்கச்சி ஓடி வந்துவிட்டாள். "சமாதானம் ஆயிட்டீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் அந்தக் குட்டிக் காரில் கடைத்தெருவுக்குப் போனோம். முன்னால் ஒரு வேன். பழக்கதோஷத்தில் நான் தலையை நீட்டி "இருங்க... ம், போலாம்" என்றேன். அவர் பயந்து பிரேக்கைப் போட்டுவிட்டார். அவருக்கு எல்லாம் அவர் பக்கமே தெரிகிறதாம். அந்தக் காரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தெருவில் யாரோ உங்கள் கார் நீளம் என்ன என்று கேட்டார்கள். பேச்சுவாக்கில் இருபது அடி என்று சொல்லிவிட்டேன். யாராவது வந்து கேட்டால் காட்டிக்கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. பேங்க் மேனேஜர் அடுத்த கேக்கை வேறு இடத்தில் சொல்லிவிட்டாராம். நீங்கள் இரண்டு கடிதம் எழுதினீர்கள். சீட்டைப் பற்றி இருக்கிறது, லாரியைப் பற்றி இருக்கிறது. சுவரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை.

இப்படிக்கு,
சமாதானம் ஆகாதவள்

-

ஏப்ரல் 3

என் கண்ணுக்கு,

யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். நீயா காரா என்றால் நீதான். இதில் எனக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வந்ததில்லை. நீ இல்லாத வீட்டில் அந்தக் காரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கே என்னைப் பார்க்கப் பைத்தியக்காரன் மாதிரி இருக்கிறது.

போட்டோ ஸ்டூடியோக்காரர் வந்து பார்த்தார். காரை ஸ்டூடியோ வாசலில் நிறுத்தி, அதில் சாய்ந்து நிற்கிறவர்களைப் படம் எடுப்பாராம். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வார். சிவப்பு அடிக்கப்போகிறாராம். "இந்தப் பம்பர் ரெண்டும் இடத்தை அடைக்குது சார், கழட்டிடலாம்" என்றார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கார் போனதும் சுவரை எழுப்பிவிடுகிறேன். வந்துவிடு.

இப்படிக்கு,
உன்னவன்

-

ஏப்ரல் 6

என்னங்க,

காரை விற்கச் சொல்லி நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன்? எடுத்துப் படித்துப் பாருங்கள். நான் போட்ட சண்டை சுவருக்காக. நீங்களாகவே அதைக் காருக்கும் எனக்கும் நடக்கிற போட்டியாக்கி, தியாகமும் செய்துவிட்டு, முகமும் கழுவிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒன்றரை அடி இடம் குறைந்தது. வீடு முழுக்கப் பார்த்தீர்கள், கண்ணில் பட்டது என் அடுப்படி. நீங்கள் துணி தைத்தால் தொழில், நான் கேக் செய்தால் பொழுதுபோக்கு என்று உங்கள் மனதில் எங்கேயோ இருந்திருக்கிறது. இல்லையென்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள். எனக்கு வலித்தது அதுதான். காரைப் பார்த்து நான் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை.

வீட்டின் முன்பக்கம் கடையாக வைத்திருக்கிற உங்கள் தையல் அறையை என்றைக்காவது அளந்தீர்களா? தரைவிரிப்பு வாங்கிப் போட்டவள் நான், எனக்குத் தெரியும். நீளம் இருபத்திரண்டு அடி. தெருப் பக்கம் ஒன்பது அடி அகலத்தில் ஷட்டர். காரை அங்கே நிறுத்துங்கள். மெஷின்களை ஷெட்டுக்கு மாற்றுங்கள். மெஷின்களுக்குப் பம்பர் கிடையாது, தாராளமாக நுழையும்.

அந்த ஸ்டூடியோக்காரரிடம் சொல்லுங்கள்: படம் எடுக்க வேண்டுமானால் நம் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். பம்பரில் கை வைத்தால் நானே வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

-

ஏப்ரல் 17

என்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே தையல் அறையில் டேப்பை விரித்தேன். இருபத்திரண்டு அடி. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அறையில்தான் இருக்கிறேன். அதை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் சுவர் மட்டும் உடனே தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

கார் பம்பரோடு பத்தொன்பது அடி. இந்தத் தடவை நானும் அளந்தேன், கட்டிங் மாஸ்டரும் கண்ணைத் திறந்துகொண்டு அளந்தார். நீ சொன்ன இருபதுக்கு ஒரு அடி குறைகிறது. யாராவது கேட்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன். ஷட்டருக்குள் சோப்பு வழுக்குகிற மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது.

உன் சுவர் எழும்பிவிட்டது. பூச்சு காய்ந்துவிட்டது. ஓவனைப் பழைய இடத்திலேயே வைத்து, பக்கத்தில் கேக் ஆறவைக்க ஒரு பலகையும் அடித்திருக்கிறேன். பலகை எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று தெரியாததால் ஆணியைப் பாதிதான் இறக்கியிருக்கிறேன். நீ வந்து சொன்னபிறகு அடிக்கிறேன். புதுக் கத்தியும் வாங்கிவிட்டேன். அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பழக்கத்தில் தையல் அறைக்கே போய்விடுகிறார்கள். நேற்று பேண்டுக்கு அளவு கொடுக்க வந்தவர் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார், தூங்கிவிட்டார். எழுப்பி அளவெடுத்தேன். பேங்க் மேனேஜரும் வந்தார். சுவர் கதையைச் சொல்லி, அது பாதாம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷர், தேங்காய் உடைத்த மாதிரி சிரித்தார். இந்த மாதக் கடைசியில் ஒரு கேக் வேண்டுமாம், உன் கையால்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு வர வரலாமா? காரில் வரட்டுமா, பஸ்ஸில் வரட்டுமா? இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

இப்படிக்கு,
ஷெட்டில் வியர்த்துக்கொண்டு தைக்கும் உன் கணவன்

-

ஏப்ரல் 20

என்னங்க,

காரிலேயே வாருங்கள். தெருவில் இருபது அடி என்று சொல்லி வைத்திருக்கிறேன், பஸ்ஸில் வந்து இறங்கினால் என் மானம் போய்விடும். தங்கச்சி வீட்டுத் தெருவுக்குள் நுழைய வேண்டாம், உங்களால் திருப்ப முடியாது. தெருமுனையில் நிறுத்தி ஹாரனை ஒரு தடவை அடியுங்கள். அவள் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

பலகை என் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். ஆணியில் கை வைக்காதீர்கள், நான் வந்து நின்று காட்டுகிறேன்.

கட்டிங் மாஸ்டரை அழைத்து வர வேண்டாம். என் பக்கம் சீட் காலியாகவே வரட்டும். வழியில் லாரி வந்தால் அவசரப்படாதீர்கள், வைக்கோல் கொட்டினாலும் பரவாயில்லை, பின்னாலேயே மெதுவாக வாருங்கள். திரும்பும்போது எப்போது போகலாம் என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வலது பக்கம்